வேலையை விட்டுப் படிக்கப் போன என்ஜினீயர்

1908-ம் ஆண்டு மார்ச் மாதம். பாரிஸ் நகரின் ஓரத்தில் இஸ்ஸி என்று ஒரு மைதானம். பட்டாளத்தார் அணிவகுப்புப் பழகும் இடம் அது. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு அங்கே ஒரு கூட்டம் நின்றது.

கூட்டத்தில் 26 வயது வாலிபர் ஒருவர். குள்ளமான உருவம். தூக்கம் நிறைந்த கண்கள். இரவு வெகுநேரம் வரை பாரிஸ் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படுக்கப் போக வேண்டிய நேரத்தில் அங்கே வந்திருந்தார். பத்திரிகையில் எழுதும் ஒரு பெண்மணி, விமானம் பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்காகத் துணைக்கு வந்தவர் அவர். விமானத்தின் மேல் அவருக்கு அப்போது பெரிய ஆசை ஒன்றும் கிடையாது.

மைதானத்தின் நடுவே பெரிய பெட்டிபோல ஒன்று நின்றது. மரச்சட்டங்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துணி, பின்னால் ஒரு எஞ்சின். ஹென்றி ஃபார்மன் என்பவர் அதில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் அலறியது. பெட்டி தரையில் குலுங்கிக் குலுங்கி ஓடியது. பிறகு குலுக்கல் நின்றது. பெட்டி ஆகாயத்தில் இருந்தது! அப்படியே வளைந்து திரும்பி, புறப்பட்ட பக்கமே வந்து இறங்கியது.

வாலிபரின் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

அவர் பெயர் தியோடர் வான் கார்மன். ஹங்கேரி நாட்டு என்ஜினீயர். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, மேல் ஆராய்ச்சி செய்ய ஜெர்மனிக்குப் போனவர். ஆனாலும் ஆயுள் முழுவதும் எதை ஆராய்வது என்று அதுவரை அவர் முடிவு செய்திருக்கவில்லை. அன்றைய விடியற்காலைதான் அதை முடிவு செய்தது.

என்ஜினீயர் பட்டம் வாங்கினால் உத்தியோகம் கிடைக்கும். சம்பளம் வரும். கல்யாணம் காட்சி என்று வீட்டில் பேச்சு எழும். அந்த நேரத்தில் பிள்ளை வந்து, இன்னும் சில வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்னால் பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? படித்தது போதாதா, இன்னும் எதற்குப் படிப்பு என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. கார்மன் வீட்டில் அப்படி யாரும் கேட்கவில்லை. காரணம், அவருடைய தகப்பனார் ஒரு விசித்திரமான மனிதர்.

பெருக்கல் கணக்குக்குத் தடை

கார்மன் 1881-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி புடாபெஸ்ட் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவரோடு பிறந்தவர்கள் நான்கு பேர். தகப்பனார் மோர் கார்மன் பெரிய கல்விமான். ஹங்கேரி நாட்டு உயர்நிலைப் பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்தியவர். அதற்காக 1907-ல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். பெயரில் வரும் வான் என்ற சொல் அந்தப் பட்டத்தின் அடையாளம்தான்.

தியோடருக்கு ஆறு வயது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பெரிய பெரிய எண்களைச் சொல்லிப் பெருக்கச் சொல்வார்கள். பையன் காகிதம் பென்சில் இல்லாமல், ஆறு இலக்க எண்களைக்கூட மனத்திலேயே பெருக்கி விடை சொல்லிவிடுவான். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

மற்ற தகப்பனாராக இருந்தால் என்ன செய்வார்? பையனை ஊர் ஊராக அழைத்துப் போய் மேடையேற்றியிருப்பார். மோர் கார்மன் பயந்துபோனார். பிள்ளை வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடுவானோ என்று அவருக்குக் கவலை. இனிமேல் இந்தக் கணக்கு வித்தையே கூடாது என்று தடை போட்டுவிட்டார். அதற்குப் பதிலாகப் பூகோளம், சரித்திரம், இலக்கியம் எல்லாம் படிக்க வைத்தார். அந்தத் தடையைப் பற்றிக் கார்மன் பிற்காலத்தில் நன்றியோடுதான் பேசினார்.

தகப்பனார் மாதிரிப் பள்ளிக்கூடம் ஒன்றையும் ஏற்படுத்தியிருந்தார். மின்டா என்று அதற்குப் பெயர். தியோடர் அங்கேதான் படித்தார். அங்கே சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டார்கள். ஹங்கேரியில் எந்தெந்த வருஷம் எவ்வளவு கோதுமை விளைந்தது என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பட்டியல் போட வேண்டும். படமாக வரைய வேண்டும். கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். உயர்ந்த கணிதத்தின் வாசற்படி இப்படிக் கோதுமையில் ஆரம்பித்தது. கண்ணால் பார்க்கும் விஷயத்திலிருந்து கணக்குக்குப் போகும் அந்தப் பழக்கம் கார்மனைக் கடைசி வரை விடவில்லை.

பள்ளி முடிக்கும் வயதில் நாடு முழுவதற்குமான கணிதப் போட்டியில் பரிசு பெற்றார். பிறகு புடாபெஸ்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1902-ல் மெக்கானிகல் என்ஜினீயர் ஆனார். ஒரு வருஷம் ராணுவ சேவை. அதன்பின் கல்லூரியிலேயே உதவி ஆசிரியர் வேலை. கூடவே கான்ஸ் என்ற பெரிய இயந்திரக் கம்பெனிக்கு ஆலோசகர். வயதோ 22. இதற்குமேல் என்ன வேண்டும்?

நடுத்தரத் தூண்

வேலையில்தான் ஒரு முள் குத்தியது.

ஒரு நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, மேலே இருந்து அழுத்தினால் என்ன ஆகும்? நடுவில் வளைந்து ஒடியும். அதே மூங்கிலில் ஒரு சாண் துண்டை வெட்டி வைத்து அழுத்தினால் வளையாது, நசுங்கும். நீளமான தூண் எந்தப் பாரத்தில் வளையும் என்பதற்கு ஆய்லர் என்ற மேதை 18-ம் நூற்றாண்டிலேயே கணக்குச் சொல்லிவிட்டார். குட்டைத் தூண் எப்போது நசுங்கும் என்பதும் தெரியும். ஆனால் பாலங்களிலும் இயந்திரங்களிலும் வரும் தூண்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுத்தரமானவை. அங்கே ஆய்லர் கணக்குப் பொய்த்தது. கணக்குப்படி தாங்க வேண்டிய தூண், அதற்கு முன்பே வளைந்துவிடும்.

கம்பெனிக்காரர்களுக்கு இதனால் தொல்லை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கனமான இரும்பைப் போட்டுவிடுவார்கள். கார்மனுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் வளைகிறது என்று தெரியாமல் இரும்பைக் கூட்டிப் போடுவது அவருக்குச் சமாதானமாக இல்லை. புடாபெஸ்டிலேயே அதைப்பற்றி யோசிக்க ஆரம்பித்தார். ஆனால் முழுமூச்சாக ஆராய நேரம் வேண்டும், வழிகாட்டுகிறவர் வேண்டும். வெளிநாடு போய்ப் படித்து வரும்படி தகப்பனாரும் தூண்டினார். ஹங்கேரி விஞ்ஞானக் கழகம் இரண்டு வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1906-ல் கார்மன் ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகருக்கு ரயிலேறினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் என்ஜினீயர் ஒருவர் டாக்டர் பட்டம் வாங்குவது என்பதே புதிது. (வைத்தியம் செய்யும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பட்டம்.) ஜெர்மனியின் பெரிய ராஜ்யமான பிரஷ்யாவில், தொழில்நுட்பக் கல்லூரிகள் டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்ததே 1899-ல்தான். அதுவரை டாக்டர் பட்டம் சர்வகலாசாலைப் பண்டிதர்களின் சொத்து. என்ஜினீயர் என்றால் கையில் எண்ணெய்க் கறை உள்ளவர் என்றே அவர்கள் நினைத்தார்கள்.

கோட்டிங்கன் சர்வகலாசாலை மட்டும் வேறு விதம். அங்கே லுட்விக் பிராண்டில் என்ற இளம் பேராசிரியர் இருந்தார். அவரும் ஆலையிலிருந்து வந்தவர்தான். நூரெம்பர்க் நகரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, சீவல்களை உறிஞ்சி இழுக்கும் குழாய் ஒன்றைச் சீர்படுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. குழாய் மெல்ல அகலமானால் காற்றின் அழுத்தம் உயர வேண்டும் என்று புத்தகம் சொன்னது. குழாயிலோ அப்படி நடக்கவில்லை. காற்று குழாயின் சுவரை விட்டு விலகி ஓடியது. பிராண்டில் குழாயைச் சரிசெய்து கொடுத்துவிட்டார். ஆனால் ஏன் விலகியது என்ற கேள்வியை அவர் விடவில்லை. 1904-ல் அதற்கு அவர் கண்ட விடை, ஆகாய விமான சாஸ்திரத்துக்கே அஸ்திவாரம் ஆயிற்று. சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அந்த விடை. சீவல் உறிஞ்சும் குழாயில் தொடங்கியது, விமானத்தின் இறக்கையில் போய் முடிந்தது!

இப்படிப்பட்ட குருவிடம் கார்மன் போய்ச் சேர்ந்தார். எஃகுத் தூண்களை அழுத்தி அழுத்திச் சோதித்தார். எஃகு ஓர் அளவுக்கு மேல் அழுந்தினால் அதன் விறைப்புக் குறைந்துவிடுகிறது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று காட்டினார். நடுத்தரத் தூணின் புதிர் பெருமளவு விடுபட்டது. அந்த ஆராய்ச்சிக்கு 1908-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

சரி, பட்டம் ஆயிற்று. அடுத்து? மேலும் தூண்களையே ஆராய்வதா? ஊருக்குத் திரும்பிக் கம்பெனியில் சேர்வதா? குழப்பமான அந்த நாட்களில்தான் பாரிஸ் போனார், விமானத்தைப் பார்த்தார்.

அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டது உண்மை. ஆனால் ஐரோப்பாவில் அதைப் பார்த்தவர் இல்லை. 1908 ஜனவரியில் ஒரு கிலோமீட்டர் தூரம் வட்டமாகப் பறந்து 50,000 பிராங்கு பரிசு வாங்கிய ஃபார்மன்தான் அங்கே வீரர். அந்தப் பெட்டி ஏன் பறக்கிறது என்று ஃபார்மனுக்கே சரியாகத் தெரியாது. பண்டிதர்களுக்கும் தெரியாது. அவர்களிடம் இருந்த பழைய கணக்குப்படி அது பறக்கவே கூடாது! பறந்துவிட்ட ஒன்றுக்குக் கணக்கு இல்லை. கார்மனைப் போன்றவருக்கு இதைவிட வேறு என்ன அழைப்பு வேண்டும்? கொஞ்ச நாளில் பிராண்டிலிடமிருந்து கூப்பிடும் கடிதமும் வந்தது. கோட்டிங்கனில் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆகாயக் கப்பல்களைச் சோதிக்கும் வேலை. கார்மன் திரும்பிப் போனார்.

பக்கத்து அறை மாணவரின் துன்பம்

கார்மனின் பெயரை உலகம் முழுவதும் பரப்பியது எது தெரியுமா? வேறொரு மாணவருக்கு வந்த தலைவலி!

1911-ம் ஆண்டு. பிராண்டிலிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் ஹீமென்ஸ் என்ற மாணவர். ஓடும் நீரில் ஓர் உருளையைச் செங்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றி அழுத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். சுலபமான வேலைதான். ஆனால் உருளைக்குப் பின்னால் நீர் ஒரு நிலையில் நிற்காமல் இப்படியும் அப்படியும் ஆடியது. பிராண்டிலிடம் சொன்னார். உருளை சரியான வட்டமாக இருக்காது என்று பேராசிரியர் கருதினார். ஹீமென்ஸ் அதை மீண்டும் கடைந்து வட்டமாக்கினார். நீர் ஆடியது. வாய்க்காலின் இரு பக்கமும் சமமாக இருக்காது என்று அடுத்த சந்தேகம். அதையும் சரிசெய்தார். அப்போதும் ஆடியது.

கார்மனுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. தினமும் காலையில் அந்தப் பக்கம் போகும்போது, நீர் அடங்கிவிட்டதா என்று விசாரிப்பார். எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஹீமென்ஸ் சோகமாகச் சொல்வார். நாட்கள் போயின. ஒரு நாள் கார்மனுக்குப் பளிச்சென்று பட்டது. எப்போதும் ஆடுகிறது என்றால் அது பிழையல்ல. இயற்கையே அப்படித்தான் இருக்க வேண்டும்!

வார விடுமுறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். உருளையின் இடது பக்கம் ஒரு சுழல், வலது பக்கம் ஒரு சுழல் என்று மாறி மாறிக் கழன்று, பின்னால் இரண்டு வரிசையாக மிதந்து போகும். எதிரும் புதிருமாக நின்றால் அந்த வரிசை குலைந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக, தெருவின் இரு பக்கத்து விளக்குக் கம்பங்கள் மாறி மாறி நிற்பதுபோல நின்றால், அதுவும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும், வரிசை நிலைக்கும். இன்று உலகம் முழுவதும் இதைக் கார்மன் சுழல் தெரு என்று சொல்கிறார்கள்.

ஆற்றில் நட்ட கம்பத்துக்குக் கீழ்ப்புறம் இந்தச் சுழல்களைப் பார்க்கலாம். காற்றடிக்கும்போது தந்திக் கம்பி ஊம் என்று பாடுவதும் இதனால்தான். தமக்கு முன்பே பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று கார்மனே ஒப்புக்கொள்வார். இத்தாலியில் பொலோன்யா நகரக் கோயில் ஒன்றில் ஒரு பழைய ஓவியம் உண்டு. கிறிஸ்டோபர் என்ற புனிதர் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிறார். அவருடைய காலுக்குப் பின்னால் சுழல்கள் மாறி மாறி வரையப்பட்டிருக்கின்றன! கார்மன் இதைத் தம் புத்தகத்தில் வேடிக்கையாக எடுத்துக் காட்டினார். பெனார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, இது தம்முடைய கண்டுபிடிப்பு என்று சண்டைக்கு வந்தார். கார்மன் சண்டை போடவில்லை. லண்டனில் கார்மன் தெரு என்று இருக்கட்டும், பாரிஸில் பெனார் சாலை என்று வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னார்.

ஹீமென்ஸும் தம் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்கிவிட்டார். அவருடைய பெயரும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

தாயும் தங்கையும்

1913-ல் ஆகன் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமான ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார் கார்மன். அடுத்த வருஷமே உலக யுத்தம் மூண்டது. ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஒன்றை அமைக்கும் முயற்சியில் சேர்ந்தார். கயிற்றில் கட்டிய நிலையில் அது 1918-ல் மேலே எழும்பியது. யுத்தம் முடிந்ததும் ஆகனுக்குத் திரும்பினார்.

தோற்ற நாட்டில் பணம் இல்லை. எஞ்சின் வைத்த விமானம் செய்யவும் தடை. மாணவர்களோ சும்மா இருக்கவில்லை. எஞ்சின் இல்லாமல் காற்றிலே மிதக்கும் கிளைடரை அவர்களே கட்டினார்கள். அதில் பறந்து கிளெம்பரர் என்ற மாணவர் 1920-ல் போட்டியில் வென்றார்.

கார்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் 1915-ல் இறந்துபோனார். தாயாரும் தங்கை ஜோசபினும் அவருடனே இருந்தார்கள். வீட்டில் எந்நேரமும் மாணவர் கூட்டம். காப்பி, பேச்சு, சிரிப்பு, கணக்கு எல்லாம் அங்கே ஒன்றுகலந்து நடந்தன. தங்கைதான் வரவு செலவையும் விருந்தையும் கவனித்துக்கொண்டவர். அந்த அம்மாள் இல்லாவிட்டால் அண்ணன் பாதிக் காரியங்களை மறந்தே போயிருப்பார்.

ஆகன் நாட்களைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு நாள் இரவு கடைசி டிராம் வண்டி புறப்படும் நேரம். வழியனுப்ப வந்த கார்மனுக்குத் திடீரென்று ஒரு கணக்கின் முடிச்சு அவிழ்ந்தது. காகிதம் இல்லை. டிராமின் பக்கவாட்டிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்! கண்டக்டர் அவசரப்படுத்தினார். வண்டி புறப்பட்டுவிட்டது. கூட இருந்த அமெரிக்க மாணவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே குதித்து, டிராமின் மேல் எழுதியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பியெடுத்தாராம். கொந்தளித்து ஓடும் காற்றைப் பற்றிய அந்தக் கணக்கில் குருவான பிராண்டிலும் சீடரான கார்மனும் போட்டி போட்டு ஓடிய காலம் அது.

ஜெர்மனியில் யூதர்மேல் துவேஷம் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம் கார்மனை அழைத்தது. 1930-ல் தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு பாசடினா நகரில் குடியேறினார். மூன்றே வருஷத்தில் ஹிட்லர் பதவிக்கு வந்தான். யூதப் பேராசிரியர்கள் வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள்.

சீடர்கள் வந்த வழி

பாசடினாவிலும் வீடு நிறைய மாணவர்கள். கார்மனுக்குக் காது மந்தம். காதில் கருவி வைத்திருப்பார். கூட்டத்தில் யாராவது அறுத்தால் கருவியை மெல்ல நிறுத்திவிடுவார்!

அவரிடம் வந்த ஒவ்வொருவரையும் ஒவ்வொன்று இழுத்து வந்தது. பிராங்க் மலினா என்பவர் சிறுவயதில் சந்திர மண்டலப் பயணக் கதை படித்தவர். அந்த ஆசை போகவில்லை. 1936-ல் ராக்கெட்டைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய விரும்பினார். அப்போது ராக்கெட் என்றால் சிரிப்பார்கள். ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், விமானக் கம்பெனியில் வேலைக்குப் போ என்றுதான் அவருக்கு யோசனை சொன்னார்கள். கார்மன் மட்டும் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கொடுத்தார்.

பணம் கிடையாது. ஒரு மாணவர் சில்லறை நோட்டுகளைப் பழைய பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு சோதனை செய்தார்கள். ஒரு முறை விஷ வாயு கசிந்து கட்டடத்திலிருந்த இரும்புச் சாமான்களெல்லாம் துருப்பிடித்துவிட்டன. அதிலிருந்து அவர்களுக்குத் தற்கொலைப் படை என்று பெயர். வெளியே போய்ச் சோதனை செய்யுங்கள் என்று துரத்திவிட்டார்கள். அந்தச் சிறு கூட்டம்தான் பின்னால் ஜெட் எஞ்சின் ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. அமெரிக்காவின் முதல் செயற்கைக் கோளான எக்ஸ்ப்ளோரர் 1958 ஜனவரி 31-ந் தேதி பறந்ததில் அந்தக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராக்கெட் என்று பெயர் வைத்தால் ஊர் சிரிக்கும் என்பதால்தான் ஜெட் என்று வைத்தார்கள்!

இன்னொருவர் சீன தேசத்து வாலிபர், சியன் சூசென். முதலில் ரயில் என்ஜினீயரிங் படித்தவர். 1932-ல் ஜப்பானிய விமானங்கள் ஷாங்காய் நகரின்மேல் குண்டு பொழிந்தன. தன் நாட்டிடம் திருப்பியடிக்க விமானம் இல்லையே என்ற வேதனை பலரையும் போல அவரையும் சுட்டது. விமான சாஸ்திரத்துக்கு மாறினார். அமெரிக்கா வந்து, கார்மனிடம் 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கதைப் புத்தகம் ஒருவரை இழுத்தது. குண்டு ஒருவரைத் துரத்தியது. வந்த காரணத்தைக் கார்மன் தராசில் போட்டுப் பார்த்ததில்லை. வந்தவருக்கு ஆராயும் ஆசை இருக்கிறதா என்பதே அவருக்கு முக்கியம்.

நம் நாட்டுக்கும் இந்தக் குரு பரம்பரையில் பங்கு உண்டு. கார்மனின் அழைப்பின்பேரில் 1939-ல் பாசடினாவுக்கு வந்தவர் லீப்மன் என்ற விஞ்ஞானி. அவரிடம் படித்து 1951-ல் டாக்டர் பட்டம் வாங்கியவர் சதீஷ் தவான். லாகூரில் கணிதமும் பௌதிகமும் படித்து, ஆங்கில இலக்கியத்திலும் பட்டம் வாங்கி, அதற்குப் பிறகு என்ஜினீயரிங் படித்தவர் அவர்! பட்டம் வாங்கியதும் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு வந்தார். 1972-ல் இந்திய விண்வெளி நிறுவனத்தின் தலைவரானார். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

விழுந்த பாலம்

1940 நவம்பர் 7-ந் தேதி அமெரிக்காவின் டகோமா நகருக்கு அருகே ஒரு பெரிய தொங்கு பாலம் காற்றில் ஆடி விழுந்தது. நடு வளைவின் நீளம் மட்டும் 2,800 அடி. திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர் வேகக் காற்று. புயல்கூட அல்ல! பாலம் கயிற்றுக் கட்டில்போல் முறுக்கிக்கொண்டு ஆடி அறுந்தது. நல்லவேளையாக மனித உயிர் போகவில்லை. காரில் அகப்பட்ட ஒரு நாய் மட்டும் செத்தது.

பழையபடியே கட்டிவிடுவோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பத்திரிகையில் இதைப் படித்த கார்மனுக்கு மனம் கேட்கவில்லை. பாலத்தின் சிறிய மாதிரி ஒன்றை ரப்பரில் செய்யச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார். மின்விசிறியை வைத்தார். மாதிரி ஆடியது. பழையபடியே கட்டினால் பழையபடியே விழும் என்று எச்சரித்தார். விசாரணைக் குழுவில் அவரையும் போட்டார்கள். பாலம் கட்டுகிற என்ஜினீயர்கள் பாரத்தைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். காற்றைப் பற்றி விமானக்காரர் என்ன சொல்வது என்று அவர்களுக்கு எரிச்சல். ஆனால் 1950-ல் திறந்த புதிய பாலத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகே கட்டினார்கள். சுழல் தெரு மட்டுமே பாலத்தைத் தள்ளிவிடவில்லை, பாலத்தின் ஆட்டமே காற்றிலிருந்து சக்தியை இழுத்து மேலும் ஆடியது என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது. காற்றை விசாரிக்க வேண்டும் என்ற கார்மனின் கட்சி அதனால் மேலும் பலப்பட்டது.

மூன்று தலைமுறை

1945 மே மாதம். ஜெர்மனி தோற்றுவிட்டது. ஜெர்மன் விஞ்ஞானிகளின் ரகசியங்களை அறிய அமெரிக்க விமானப்படை ஒரு குழுவை அனுப்பியது. குழுவின் தலைவர் கார்மன். 64 வயதில் தளபதியின் உடுப்புப் போட்டுக்கொண்டு போனார். கூடவே கர்னல் உடுப்பில் சீடர் சியன்.

நோர்ட்ஹௌசன் என்ற இடத்தில் மலையைக் குடைந்து கட்டிய ராக்கெட் ஆலையைக் கார்மன் பார்த்தார். அங்கே அடிமைகளாக வேலை வாங்கப்பட்ட கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்திருந்தார்கள். ராக்கெட் செய்தவர்களும் நன்றாகப் படித்த என்ஜினீயர்கள்தாம்!

பிறகு கோட்டிங்கனுக்குப் போனார்கள். விசாரிக்கப்பட வேண்டியவர் யார்? வயது எழுபதான பிராண்டில்! ஒரே மேஜையைச் சுற்றி மூன்று தலைமுறை உட்கார்ந்தது: குரு, குருவை விசாரிக்க வந்த சீடர், சீடரின் சீடர். பிராண்டில் தம் வீட்டுக் கூரை குண்டில் சேதமானதைப் பற்றி முறையிட்டார். இனித் தம் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் யார் பணம் கொடுப்பார்கள் என்று விசாரித்தார். மலைக் குகையைப் பார்த்துவிட்டு வந்த கார்மனுக்கு அது கசந்தது. குருவின் அறிவின்மேல் அவருக்கு இருந்த மதிப்புக் குறையவில்லை. ஆனால் பழைய அன்பு திரும்பவில்லை.

சியனின் கதையும் பிறகு திசை மாறியது. 1950-ல் கம்யூனிஸ்டு என்று சந்தேகித்து அமெரிக்க அரசாங்கம் அவரை வெளியே விடாமல் காவலில் வைத்தது. கார்மன் அந்தக் குற்றச்சாட்டை நம்பவே இல்லை. 1955-ல் சியன் சீனா போய்ச் சேர்ந்தார். அங்கே ராக்கெட் தொழிலுக்குத் தந்தை என்று பேரெடுத்தார். வேண்டாம் என்று துரத்திய மூளை வேறு வீட்டில் விளக்கேற்றியது.

கார்மனின் தாயார் 1941-லும், தங்கை 1951-லும் இறந்தார்கள். தங்கை போனபின் பெரிய வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பாதி நாள் ஐரோப்பாவில் மாநாடுகளில் கழித்தார். பூமிக்கு 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆகாயம் முடிந்து விண்வெளி தொடங்குவதாக வகுத்திருக்கும் எல்லைக்குக் கார்மன் கோடு என்று பெயர்.

அமெரிக்காவில் தேசிய விஞ்ஞானப் பதக்கம் என்று புதிதாக ஏற்படுத்தினார்கள். அதன் முதல் பதக்கம் 81 வயதுக் கார்மனுக்குக் கிடைத்தது. 1963 பிப்ரவரி 18-ந் தேதி வெள்ளை மாளிகையில் விழா. படிக்கட்டில் இறங்கும்போது மூட்டு வலியால் கிழவர் தடுமாறினார். ஜனாதிபதி கென்னடி சட்டென்று கையைப் பிடித்தார். கார்மன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். இறங்குவதற்கு உதவி தேவையில்லை, ஏறும்போதுதான் தேவை என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகன் நகருக்குப் போயிருந்தபோது, மே மாதம் 6-ந் தேதி காலமானார். இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 82 வயது நிறைந்திருக்கும். தம் வாழ்க்கைக் கதையை ஓர் எழுத்தாளரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார் அவர். அந்தப் புத்தகம் 1967-ல் வெளிவந்தது.